சின்ன வயதில் கொடுத்த குரல், இப்போது கேட்கும் கையெழுத்து

கடிதத்தின் சுருக்கம்:

எழுதியிருப்பவர் சென்னையில் பி.காம். இறுதியாண்டு படிக்கும் இளைஞர். வயது இருபது முடிந்து ஐந்து மாதம். 2011-ல், ஆறு வயதில், ஒரு விளம்பரப் படத்தில் தலைகாட்டியவர் 2018 வரை மூன்று தொலைக்காட்சித் தொடர்களில் நடித்திருக்கிறார். கூடவே குழந்தைகள் சேனல்களில் வந்த கார்ட்டூன்களுக்குத் தமிழில் குரல் கொடுத்திருக்கிறார். பதின்மூன்று வயதில் குரல் உடைந்ததும் வாய்ப்பும் நின்றுபோனது.

கால்ஷீட் பேசியது, வவுச்சரில் கையெழுத்துப் போட்டது, பணம் வாங்கியது எல்லாம் அப்பாதான். மகனோடு ஸ்பாட்டுக்குப் போவதற்காக அவர் தன் வேலையை விட்டவர். அந்த வருமானத்தில் புறநகரில் ஒரு வீடு, அப்பாவின் பெயரில். 'இருபது சதவீதம் பேங்கில் போட்டிருக்க வேண்டுமாமே' என்று கேட்டதற்கு, 'நீ சம்பாதித்தது குடும்பத்துக்கு' என்று பதில் வந்திருக்கிறது. பழைய தொடர் ஒன்று யூடியூபில் முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து இவருக்கு ஒரு ரூபாயும் வருவதில்லை.

இப்போது ஒரு ஸ்டுடியோ அழைத்திருக்கிறது. மூன்று மணி நேரக் குரல் பதிவுக்கு மொத்தமாக 40,000 ரூபாய். பதினோரு பக்க ஆங்கில ஒப்பந்தம், பத்து நாளில் பதில் வேண்டுமாம். அப்பா மேல் வழக்குப் போடலாமா, சேனலிடம் ராயல்டி கேட்கலாமா, இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா, மறுபடி டப்பிங் பேச முடியுமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். அப்பாவைப் பற்றிய கேள்விதான் உங்கள் மனதில் பெரிதாக இருக்கிறது என்பது கடிதத்தின் நீளத்திலேயே தெரிகிறது. ஆனால் அதற்கு இன்னும் சில மாதம் இருக்கிறது, ஒப்பந்தத்துக்குப் பத்து நாள்தான். அதில் அவசரப்பட்டுப் போடும் ஒரு கையெழுத்து மற்ற மூன்று கேள்விகளையும் பாதிக்கும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒப்பந்தம்: இப்போதைய வடிவில் கையெழுத்துப் போடாதீர்கள்

நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பிய மூன்று பத்திகளே போதும். நான்காவது பத்தி உங்கள் பதிவை இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றிப் பயன்படுத்தலாம் என்கிறது. ஏழாவது பத்தி அந்தக் குரலைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்துப் புதிய ஒலிகளை உருவாக்கலாம் என்கிறது. ஒன்பதாவது பத்தி, 'இதற்கு முன் எந்த நிறுவனத்தில் பதிவாகி எங்கள் வசம் வந்த குரல்களுக்கும்' இதே அனுமதி பொருந்தும், பழைய பாக்கி எதுவும் கோரமாட்டேன் என்று உங்களைச் சொல்லவைக்கிறது.

இதை ஒரு சாதாரண டப்பிங் வேலை என்று நினைத்திருக்கிறீர்கள். டப்பிங்கில் ஒரு படமோ எபிசோடோ இருக்கும், ஒரு கதாபாத்திரம் இருக்கும், லூப் லூப்பாகப் போட்டுக் காட்டுவார்கள், உதட்டசைவுக்குப் பேசுவீர்கள். இங்கே கொடுக்கப்பட்டிருப்பதோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வாக்கியங்கள், எண்கள், ஊர்ப் பெயர்கள், அவற்றையே கோபமாக, அழுகையாக, சிரிப்பாக மறுபடி பேசச் சொல்லும் பட்டியல். குரலின் நகலை உருவாக்குவதற்கான பதிவு இப்படித்தான் இருக்கும். இன்றைய மென்பொருளுக்குச் சில நிமிடச் சுத்தமான பதிவே ஒரு குரலைப் போலப் பேசப் போதும். மூன்று மணி நேரம் கேட்கிறார்கள் என்றால் எல்லா உணர்ச்சியிலும் பேசக்கூடிய முழு நகல் வேண்டும் என்று பொருள். அப்படி ஒன்று உருவாகிவிட்டால் நாளைக்கு உங்களை அழைக்க வேண்டிய வேலையை அதுவே செய்துவிடும். 40,000 ரூபாய் ஒரு நாள் வேலைக்கு நல்ல தொகையாகத் தோன்றலாம். விலை பேசப்படுவது ஒரு நாளுக்கு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது பத்தி எதற்காக என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சிறுவயதுக் குரல்களை வைத்திருப்பவர்களிடம் இன்றைக்கு உறுதியான அனுமதிப் பத்திரம் இருக்க வாய்ப்புக் குறைவு. மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது பிரிட்டிஷ் காலத்தில் இந்திய வழக்குகளுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903-லேயே தீர்த்துவைத்த விஷயம். அப்பா கையெழுத்திட்ட வவுச்சர்கள் அன்றைய வேலைக்கு, அன்றைய கார்ட்டூனுக்கு உரியவை. மேலும், பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்தின்படி, உரிமை மாற்றித் தந்த காலத்தில் இல்லாத அல்லது வணிகப் புழக்கத்தில் இல்லாத பயன்பாட்டு முறைக்கு, அதை எழுத்தில் தனியே குறிப்பிட்டிருந்தால் தவிர, அந்த உரிமைமாற்றம் பொருந்தாது. நிகழ்த்துநர் உரிமைக்கும், அதாவது நடிப்பவருக்கும் குரல் கொடுப்பவருக்கும் தம் பங்களிப்பின் மேல் உள்ள உரிமைக்கும், இது பொருந்தும். 2014-ல் போட்ட வவுச்சரில் குரல் நகலெடுப்பு என்று எழுதியிருக்க வழியில்லை. வயது வந்த உங்களிடம் இன்று ஒரு புதிய கையெழுத்தை வாங்கிவிட்டால் இந்த ஓட்டைகள் எல்லாம் ஒரே பத்தியில் அடைபடும். அந்தக் கையெழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அதை இனாமாகச் சேர்த்துக் கேட்கிறார்கள்.

'கால வரம்பு போடாவிட்டால்தானே ஆபத்து, அவர்களே காலவரையின்றி என்று தெளிவாக எழுதியிருக்கிறார்களே' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நிலைமை நேர் எதிரானது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எழுதாமல் விட்டால் சட்டம் உங்களைக் காக்கும். 'காலவரையின்றி, உலகம் முழுவதும்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் அந்தக் காப்பு போய்விடும்.

குரல் நகலுக்கு எதிராக நீதிமன்றங்கள் நல்ல உத்தரவுகள் தந்திருப்பது உண்மைதான். பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் குரலைச் செயற்கை நுண்ணறிவு மூலம் நகலெடுப்பதற்குத் தடை விதித்தது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-லேயே சென்னை உயர் நீதிமன்றம் ஒருவரின் பெயர், உருவம், பேச்சுப் பாணி ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுத்திருக்கிறது. ஆனால் இவை யாவும் கேட்டவுடனே இன்னாருடையது என்று மக்கள் சொல்லிவிடும் குரல்கள், முகங்கள். ஒரு கார்ட்டூன் முயலுக்குக் குரல் கொடுத்தவர் யார் என்பது பார்த்த குழந்தைக்கும் தெரியாது, டைட்டில் கார்டிலும் பெரும்பாலும் இருக்காது. அடையாளத்தை நிரூபிக்கும் சுமை உங்களுக்கு அதிகம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-ல் வந்த சட்டமும் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. எனவே உங்களைப் போன்ற குரல் கலைஞருக்கு முதல் அரண் ஒப்பந்தத்தில் இருக்கும் வரிகள்தான்.

மறுத்துவிடுவது ஒரு வழி. திருத்திக் கேட்பது இன்னொரு வழி. நான் திருத்திக் கேட்கச் சொல்வேன், அவர்கள் பதிலிலிருந்தே நோக்கம் தெரிந்துவிடும். மின்னஞ்சலில் இதை அனுப்புங்கள்: 'இந்தப் பதிவை (படைப்பின் பெயர்) என்ற படைப்பில் மட்டும் பயன்படுத்தலாம். என் குரலையோ பேச்சுப் பாணியையோ உருவகப்படுத்தும் எந்த மென்பொருளுக்கும் பயிற்சி அளிக்கவும், அதற்காகப் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதி இல்லை. 9-ஆம் பத்தி நீக்கப்படுகிறது.' கூடவே, 'என் பழைய பதிவுகள் எவை, யாரிடமிருந்து உங்களுக்கு வந்தன' என்று ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள். அவர்கள் எழுத்தில் தரும் பதில் பின்னால் பயன்படும் ஆவணம்.

பணத் தேவை கருதி, குரல் நகலுக்கே சம்மதிப்பது என்று நீங்கள் முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. அப்படியானால் குறைந்தது இவையாவது எழுத்தில் இருக்கட்டும்: எந்தத் தயாரிப்புக்கு, எந்த மொழியில், எத்தனை ஆண்டுக்கு, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித் தொகை, அரசியல், ஆபாசம், கடன் செயலி, சூதாட்ட விளம்பரங்களுக்குத் தடை, காலம் முடிந்ததும் மூலப் பதிவையும் உருவாக்கிய நகலையும் அழித்ததாக எழுத்துச் சான்று. அனுமதி கேட்டுப் பணமும் கொடுத்துச் செய்ய முடியாத காரியம் இல்லை இது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை 2024-ல் ஒரு பாடலுக்காகக் கணினி வழியே மீட்டபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் வெளிப்படையாகவே அறிவித்தார்.

வழக்கு மும்பையில்தான், நடுவர் மன்றத்தில்தான் என்று ஏதாவது பத்தி இருக்கிறதா என்றும் பாருங்கள். 40,000 ரூபாய் வேலைக்காக மும்பை போய் வாதாட யாராலும் முடியாது. இருவரும் கையெழுத்திட்ட பிரதி அன்றே உங்கள் கையில் இருக்க வேண்டும், 'அப்புறம் கூரியரில் அனுப்புகிறோம்' என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இருபத்தோராவது பிறந்தநாள்

உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட அவசரமான செய்தி இது. மைனராக இருந்தபோது உருவான பணக் கோரிக்கைகளுக்கு வழக்குத் தொடுக்கும் காலம் பதினெட்டு வயதில் தொடங்கி மூன்று ஆண்டில் முடிகிறது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 6, 8 பிரிவுகள் சொல்வது இதுதான். தயாரிப்பு நிறுவனம் வைத்த பாக்கி, போடாத வைப்புத்தொகை, அப்பாவிடம் கணக்குக் கேட்பது என எல்லாவற்றுக்கும் உங்களுக்கு இருபத்தோரு வயது நிறைவதையே கடைசி நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஏழு மாதம்.

'வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் காலம் நின்றுவிடும்' என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நிற்காது. நோட்டீஸ் போனது, பதில் வந்தது, பேச்சுவார்த்தை நடந்தது என்று இருக்கும்போதே நாள் கடந்துபோய் உரிமை இழப்பவர்கள் ஏராளம். காலத்தைப் புதுப்பிக்க நடைமுறையில் உதவும் வழி, கடன்பட்டவர் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுத் தரும் எழுத்து. அது கெடு முடிவதற்குள் வாங்கப்பட்டால், கையெழுத்திட்ட நாளிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு கிடைக்கும். அப்பா விஷயத்தில் இது முக்கியம் என்பதால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இருபது சதவீதம்

நீங்கள் ஏழு ஆண்டு வருமானத்துக்கும் இருபது சதவீதம் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அது தவறு. குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாக நேரடியாகப் போட வேண்டும் என்ற விதி, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தை ஒட்டி 2017 ஜூனில்தான் வந்தது. முன்னதாக நடித்த 2011 முதல் 2017 தொடக்கம் வரையிலான காலத்துக்கு இது பொருந்தாது. உங்கள் கடைசித் தொடருக்கும் அந்த ஓராண்டு டப்பிங்குக்கும் மட்டுமே இதைக் கேட்க முடியும். டப்பிங் என்று சட்டம் பெயர் சொல்லவில்லை. ஆனால் விளம்பரம், சினிமா, தொலைக்காட்சித் தொடர், 'அதுபோன்ற பிற பொழுதுபோக்கு' என்ற சொற்களுக்குள் அதைக் கொண்டுவர நல்ல வாதம் இருக்கிறது.

உங்கள் கணிப்பில் நான் திருத்த வேண்டிய இரண்டாவது தவறு: அந்தப் பணத்தைப் போட வேண்டிய பொறுப்பு அப்பாவுடையது என்று நினைத்து அவரோடு சண்டை போட்டிருக்கிறீர்கள். பொறுப்பு தயாரிப்பாளருடையது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் உறுதிமொழிப் படிவம் கொடுத்து தயாரிப்பாளர்தான் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை செய்யவைக்கக் கூடாது என்பதெல்லாம் அதே விதியில் இருக்கிறது. அனுமதி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், தொடர் நீண்டால் மறுபடி வாங்க வேண்டும். நள்ளிரவு வரை ஸ்பாட்டில் தூங்கி வழிந்ததை எழுதியிருந்தீர்கள். அது விதிமீறல். அன்று அதைக் கேட்க ஆள் இல்லாமல் போனது உங்கள் தவறும் இல்லை, உங்கள் அம்மாவின் தவறும் இல்லை.

கண்டுபிடிக்கும் வழி இது. தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தொடரின் பெயர், ஆண்டு, அன்றைய உங்கள் பெயர், பிறந்த தேதி கொடுத்து, 'என்னை நடிக்கவைக்கப் பெற்ற அனுமதி, உறுதிமொழிப் படிவம், வைப்புத்தொகை விவரம் ஆகியவற்றின் நகல்' கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. எந்த மாவட்டம் என்பதில் கவனம் வேண்டும். சென்னை மாவட்டம் 2018-ல் விரிந்தது, செங்கல்பட்டு 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பங்களாவில் நடந்த ஷூட்டிங் என்றால் கோப்பு இன்று எங்கே இருக்கிறது என்பது நிச்சயமில்லை, இரண்டு மூன்று அலுவலகங்களுக்கும் எழுதிவிடுங்கள்.

'அப்படி அனுமதி எதுவும் பெறப்படவில்லை' என்ற பதில் வந்தாலும் அது வெறுங்கை இல்லை. தயாரிப்பாளரிடம் பேசும்போது அந்த ஒரு தாளுக்கு எடை உண்டு.

வருமானவரித் தளமும் உங்களுக்குச் சாட்சி. மைனர் வயதிலேயே உங்கள் பெயரில் பான் எடுத்திருந்தால், அதைக் கொண்டு உள்ளே நுழைந்து ஒவ்வொரு ஆண்டுக்கும் படிவம் 26ஏஎஸ் இறக்கிக்கொள்ளுங்கள். எந்த நிறுவனம், எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்து எவ்வளவு வரி பிடித்தது என்று வரி வரியாக இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால்தான் பத்து சதவீதம் பிடிக்க வேண்டும், எனவே சில்லறை டப்பிங் வேலைகள் அதில் தெரியாது. பான் இல்லை, அப்பாவின் பானில்தான் போனது என்றால் அவருடைய 26ஏஎஸ்-ல் இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்வதே அப்பாவோடு தொடங்கும் பேச்சுக்கு நல்ல வாசல். ஒன்றை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்: பிடித்த வரியைத் திரும்பப் பெறும் காலம் அந்த ஆண்டுகளுக்கு முடிந்துவிட்டது.

அப்பாவும் வீடும்

'நீ சம்பாதித்தது குடும்பத்துக்கு' என்பது வீடுகளில் இயல்பாகப் புழங்கும் வாக்கியம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வருமானவரிச் சட்டமே மைனரின் வருமானத்தைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கச் சொல்லிவிட்டு, குழந்தை தன் திறமையால் சம்பாதித்ததற்கு மட்டும் விலக்குத் தருகிறது. கற்ற வித்தையால் ஈட்டியது ஈட்டியவரின் தனிச்சொத்து என்று 1930-லேயே இந்துக்களுக்கு ஒரு சட்டம் வந்திருக்கிறது. பாதுகாவலர் அந்தப் பணத்தைக் குழந்தையின் நன்மைக்காகக் கையாள வேண்டியவர், கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

அதனால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. இங்கேதான் உங்கள் இரண்டாவது பெரிய அனுமானம் தடுமாறுகிறது. வீட்டுப் பத்திரம் அப்பாவின் பெயரில் இருக்கிறது. உங்கள் பணம்தான் அதில் போனது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், அதுவும் வங்கிப் பதிவு, வவுச்சர், கட்டுமானச் செலவு என்று தொடர்ச்சியாக. பாதி ரொக்கமாக வாங்கிய காலம் அது. உங்கள் பள்ளிக் கட்டணம், உடை, போக்குவரத்து, சாப்பாடு என்று செலவானவற்றை நீதிமன்றம் கழிக்கும். மகனுக்காக வேலையை விட்ட அப்பாவின் ஏழாண்டும் அந்தத் தராசில் ஏறும். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும், உங்களோடு ஸ்பாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த வருடங்களுக்கு அவருக்குச் சம்பளமும் இல்லை, வருங்கால வைப்புநிதியும் இல்லை.

வழக்குப் போட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஆதாரம் மெலிந்த வழக்கு இது, வருடக்கணக்கில் ஓடும், அதுவரை அம்மா இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டும். நான் முதலில் சொல்வது வேறு வழி. 26ஏஎஸ் தாள்களோடு உட்கார்ந்து, அம்மாவின் முன்னால், 'எவ்வளவு வந்தது என்று மட்டும் ஒரு தாளில் எழுதலாம் அப்பா' என்று தொடங்குங்கள். எழுதிய தாளில், என் மகனின் சம்பாத்தியத்தில் இவ்வளவு தொகையை வீட்டுக்குப் பயன்படுத்தினேன், அதை அவனுக்குத் திருப்பித் தரும் பொறுப்பு எனக்கு உண்டு என்று அவர் கையெழுத்திட்டால், மேலே சொன்னபடி காலமும் புதுப்பிக்கப்படும்.

பிறகு செட்டில்மென்ட் பத்திரம், அதாவது விலை வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதித் தரும் பத்திரம். வீட்டின் பிரிபடாத பாதிப் பாகத்தை அப்பா உங்களுக்கு எழுதிவைக்கலாம். பெற்றோர் இருவருக்கும் வாழ்நாள் வரை குடியிருக்கும் உரிமையை அதே பத்திரத்தில் வைக்கலாம். அது அவருடைய பயத்தையும் போக்கும். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் செட்டில்மென்ட்டுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத்தீர்வை சொத்து மதிப்பில் ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அம்மாவாலும் பேசவைக்க முடியவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சுக்கு இருவரையும் அழைப்பார்கள். ஐந்தாவது மாதம் முடியும்போதும் எதுவும் எழுத்தில் வரவில்லை என்றால், ஒரு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

யூடியூபில் ஓடும் தொடர்

ஒவ்வொரு பார்வைக்கும் பங்கு வரும் என்ற எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடிகர், குரல் கொடுப்பவர் இருவருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை உண்டு, அது ஐம்பது ஆண்டு நீடிக்கும். ஆனால் எழுத்து ஒப்பந்தத்தின் மூலம் ஒரு படைப்பில் இடம்பெறச் சம்மதித்துவிட்டால், அதே படைப்பைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்று 2012 திருத்தம் சொல்கிறது. பாடகர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து அதை வசூலிக்கிறார்கள். தொடர் நடிகர்களுக்கு நடைமுறையில் நாள் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

உங்களுக்கு இருக்கும் வாய்ப்பு ஒன்று: எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் வெறும் வவுச்சரில் நடந்த வேலை எது என்று பிரித்துப் பாருங்கள். அதைப் பொறுத்தவரை ராயல்டி பற்றி ஒரு கடிதம் எழுத இடமிருக்கிறது. கைக்கு வரும் தொகை சிறிதாகவே இருக்கும், அதற்காகத் தனி வழக்கு நடத்தச் சொல்ல மாட்டேன். தயாரிப்பாளரிடம் இருபது சதவீதம் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பெயர் போடாத டப்பிங் வேலைக்கு இன்னொரு சிக்கல். வழக்கப்படி எங்கும் பெயர் குறிப்பிடப்படாத சிறு பங்களிப்பாளரைச் சட்டம் முழு நிகழ்த்துநராகக் கருதுவதில்லை. ஆனால் அவருக்கும் ஒரு உரிமையை விட்டுவைத்திருக்கிறது: தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைத் திரித்துப் பயன்படுத்தினால் எதிர்க்கலாம். உங்கள் பழைய கார்ட்டூன் குரலை யாராவது வேறு வாக்கியங்கள் பேசவைத்தால் அந்தப் பிரிவுதான் கைகொடுக்கும். அதனால்தான் நீங்கள் குரல் கொடுத்த தொடர்கள், எபிசோடுகள், ஸ்டுடியோ, ஆண்டு ஆகியவற்றை நினைவில் இருக்கும்போதே பட்டியல் எழுதி, அன்று உடன் பேசியவர்கள் யார் என்றும் குறித்துவைக்கச் சொல்கிறேன்.

மறுபடியும் மைக் முன்னால்

பழைய குழந்தைக் குரலைத் தொண்டையை இறுக்கி வரவழைத்து மாதிரி அனுப்பியதாகவும், இரண்டு மாதமாகக் குரல் கரகரப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே நிறுத்துங்கள். பருவ வயதில் ஆண்களின் குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இறங்கிய குரலை மணிக்கணக்கில் மேலே இழுத்தால் குரல்நாணில் முடிச்சு விழலாம். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் கருவி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அந்த அளவைத் தாண்டிவிட்டீர்கள். இந்த வாரமே போய்வாருங்கள். சிறுவர் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் பெண் கலைஞர்கள்தான் குரல் கொடுக்கிறார்கள், அந்தப் போட்டியில் நீங்கள் நிற்கத் தேவையில்லை.

உங்களிடம் மிச்சமிருக்கும் மூலதனம் வேறு. உதட்டசைவைப் பார்த்துக்கொண்டே தாளைப் படித்து, மூச்சு தெரியாமல் வாக்கியத்தை முடிக்கும் பழக்கம் ஏழு வருடம் செய்து வந்தது. புதிதாக வருபவருக்கு இதற்கே நாளாகும். இப்போதைய இயல்பான குரலில் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு மாதிரி தயாரியுங்கள்: இருபது நொடி விளம்பரம், முப்பது நொடி ஆவணப்பட விவரணை, இளைஞன் ஒருவனின் இரண்டு உரையாடல்கள், முடிந்தால் வட்டார வழக்கு ஒன்று. பின்னணி இசை வேண்டாம், கேட்பவருக்குக் குரல்தான் வேண்டும். பழைய தொடரின் பெயரைக் கோப்பின் தலைப்பில் போடாதீர்கள். அந்தக் குழந்தை முகத்தை மனதில் வைத்துக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கமல்ஹாசனே 1960-ல் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகி, பிறகு நடன உதவியாளராக வேலை பார்த்துத்தான் மறுபடி நடிகராக வந்தார். இடையில் விழுந்த வருடங்களை யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

சினிமா, தொடர் டப்பிங்குக்குப் பெரும்பாலும் டப்பிங் யூனியன் கார்டு கேட்பார்கள். சிறுவயதில் அப்பா உங்கள் பெயரில் ஏதாவது உறுப்பினர் கார்டு எடுத்திருந்தாரா, சந்தா எந்த ஆண்டு வரை கட்டப்பட்டது என்று அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பாக்கியால் பெயர் நீங்கியிருந்தால் புதிதாகச் சேர்வதா, பழையதைப் புதுப்பிப்பதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

இனி கிடைக்கும் முதல் வேலைக்கே பில்லை நீங்கள் எழுதுங்கள். படைப்பின் பெயர், பாத்திரம், எபிசோடு எண், தொகை, தேதி, உங்கள் பான் எண், கீழே 'இந்தப் படைப்பில் மட்டும் பயன்படுத்த' என்ற ஒரு வரி. ஒரு பிரதியைத் தேதி வாரியாகக் கோப்பில் சேருங்கள். வரும் திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்கு மின்னஞ்சல், அதே வாரத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தபால். பதில் வந்ததும் அந்தத் தாள்களோடு மறுபடி எழுதுங்கள்.